கறுப்பு பிரீமியோவில் சிலந்திவலைக் கீறல்கள்: பொலிஷ் செய்தும் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டன

வெள்ளவத்தைப் பிரீமியோ | சனி, காலை 6.40

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டுக் கறுப்பு டொயோட்டா பிரீமியோ. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, கையில் இருந்ததை எல்லாம் கொட்டி வாங்கிய வண்டி. இப்போது இறக்குமதி திறந்துவிட்டாலும் மாற்றும் வசதி இல்லை, ஆசையும் இல்லை.

எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் நிற்கும்போது கண்ணாடிபோல் இருக்கிறது. மாலை நாலரை மணிக்குக் காலி வீதிச் சமிக்ஞை விளக்கில் நின்றால் மானம் போகிறது. பொனட்டில் வெயில் படும் இடத்தைச் சுற்றி வட்டவட்டமாக, சிலந்தி வலை பின்னியதுபோல் கீறல்கள்.

தங்கையின் திருமணத்துக்கு மணமகள் வண்டியாக இதுதான் போக வேண்டியிருந்தது. அதனால் ஓர் இடத்தில், கீறலைத் தேய்த்தெடுத்து மினுக்கும் ‘கட் அண்ட் பொலிஷ்’ செய்யக் கொடுத்தேன். மூன்று மணி நேரத்தில் தந்துவிட்டார்கள். திருமணப் படங்களில் வண்டி மணமகளை விட மினுங்குகிறது. நான்கு முறை கழுவியதும் பழைய வலை அப்படியே வந்துவிட்டது. போதாததற்கு, வெயிலில் பார்த்தால் எண்ணெய் சிந்திய தண்ணீர்போல் நீளநீளமான பூச்சுத் தடங்களும் சேர்ந்திருக்கின்றன. கேட்டால், மறுபடி பொலிஷ் செய்து மேலே செரமிக் என்ற காப்புப் பூச்சைப் பூச வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா? நானே ஒரு இயந்திரம் வாங்கிச் செய்தால் வண்டி கெட்டுவிடுமா?

இரத்மலானைப் பொலிஷ்காரன் | சனி, காலை 8.15

தம்பி, இப்போதைக்குச் செரமிக் வேண்டாம். இயந்திரமும் வாங்கிவிடாதீர்கள். என்ன நடந்தது என்பதை முதலில் சொல்கிறேன். பதினோரு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன்.

உங்கள் கீறல்கள் வட்டமானவை அல்ல. எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய நேர்க்கோடுகள் அவை. ஒளி வரும் திசைக்குக் குறுக்கே கிடக்கும் கீறல்கள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் சூரியனைச் சுற்றி வட்டம் போட்டதுபோல் தெரிகிறது. நீங்கள் தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும், பாருங்கள். வெள்ளை வண்டியிலும் இதே அளவு கீறல் இருக்கும். ஆனால் வெள்ளை தானே ஒளியைச் சிதறடித்து அதை மூழ்கடித்துவிடும். கறுப்புக்கு அந்தத் தயவு கிடையாது.

கீழ்த்தளத்தில் ஏன் தெரியவில்லை என்றால், அங்கே டியூப் லைட். நீண்ட, பரவலான ஒளி கீறலை மறைத்துவிடும். சூரியன்போல ஒற்றைப் புள்ளியாக வரும் ஒளிதான் காட்டிக்கொடுக்கும். பொலிஷ் செய்து வாங்கும்போது வண்டியை வெயிலுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள், அல்லது கைபேசி டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே சாவியைக் கொடுக்கிறவரிடம் கொஞ்சம் கவனம் தேவை.

மூன்று மணி நேரத்தில் ஒரு முழு வண்டியில் கீறலை எடுக்க என்னால் முடியாது. அவர்கள் எண்ணெய்ப்பசையுள்ள பொலிஷால் கீறலை நிரப்பியிருக்கிறார்கள். ஷாம்பு நான்கு முறை பட்டதும் நிரப்பியது கழுவிப் போய்விட்டது. அந்த நீளமான தடங்களுக்கு ஹொலோகிராம் என்று பெயர். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி இயந்திரத்தில் கம்பளி பேட், அதாவது தேய்க்கும் மெத்தை, போட்டு ஓட்டி, மென்மையான பேட்டால் முடிக்காமல் விட்டதன் கையெழுத்து அது.

இரண்டு கேள்விகள். பொனட்டைத் திறந்தால் அல்லது கதவுத் தூணில் ஒரு தகடு இருக்கும். அதில் நிறக் குறியீடு என்ன? வண்டியைத் தினமும் துடைப்பவர் யார்?

அவசரப்புத்தி | சனி, காலை 8.50

எதற்கு இவ்வளவு பெரிய பாடம்? கொஞ்சம் பற்பசை, பழைய பனியன் துணி, கடைசியில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். என் மோட்டார் சைக்கிள் டாங்க் பளபளக்கிறது.

கொட்டாஞ்சேனை அக்கா | சனி, காலை 9.20

பல்லுக்குப் போடுவதைப் பல்லுக்கே போடுங்கள் தம்பி. பற்பசையிலும் தேய்க்கும் துகள் இருக்கிறது, ஆனால் அது எவ்வளவு பருமன் என்று பெயின்ட்டை நினைத்து யாரும் அளந்து போடவில்லை. தேங்காயெண்ணெய் கீறலை நிரப்பி இரண்டு நாள் மினுக்கும். மூன்றாம் நாள் கொழும்புத் தூசி முழுவதும் உங்கள் டாங்கில் ஒட்டியிருக்கும். அதை மறுபடி பனியனால் துடைப்பீர்கள். நானும் ஒரு கறுப்பு வகன் ஆர் வைத்திருக்கிறேன். எல்லாப் பாவமும் செய்து முடித்தவள் என்பதால் சொல்கிறேன்.

வெள்ளவத்தைப் பிரீமியோ | சனி, மதியம் 12.05

தகட்டில் 202 என்று இருக்கிறது, அண்ணா.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. துடைப்பவர் என் மாமனார். தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தரை மணிக்கு எழுந்து, தேநீருக்கும் முன்னால் கீழே போய் வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் மேலே வருவார். பழைய பருத்திச் சாரத்தை (லுங்கியை) கிழித்து வைத்திருக்கிறார். துவைத்துத் துவைத்துப் பட்டுப்போல் இருக்கும். தண்ணீர் சேர்க்க மாட்டார், “நீர் பட்டால் துரு” என்பார். ஆறு வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை. துணி அவ்வளவு மென்மையானது என்பதால் அதில் தவறு இருக்காது என்றே நினைத்தேன்.

இரத்மலானைப் பொலிஷ்காரன் | சனி, மாலை 5.30

இரண்டு பதில்களும் முக்கியமானவை.

முதலில் சாரம். கீறுவது துணி அல்ல, தூசி. தெருத் தூசியில் மணல் இருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. வண்டிப் பெயின்ட் அதற்குப் பக்கத்திலேயே வராது. பட்டுத்துணியாலேயே துடைத்தாலும் மணலைப் பொனட்டின் மேல் இழுத்துக்கொண்டு போகிறீர்கள். வெள்ளவத்தையில் கடலிலிருந்து உப்புக் காற்றும் வருகிறது. இரவில் ஈரப்பதத்தோடு படிந்து, தூசியை மெல்லிய பசைபோல் பிடித்துவைக்கும். அதை அதிகாலையில் உலர் துணியால் தேய்ப்பது மிக மெல்லிய மணற்கடதாசியால் தேய்ப்பதற்குச் சமம். ஆறு வருடம் தினமும் என்றால் இரண்டாயிரம் தடவைக்கு மேல். மாமாவைக் குறை சொல்லாதீர்கள், இவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்ட வண்டிகள்தான் பெரும்பாலும் என்னிடம் வருகின்றன.

அடுத்தது 202. இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் உலோகத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு என்று இருக்கும். டொயோட்டாவின் 202 கறுப்புப் பல மொடல்களில் கிளியர் கோட் இல்லாமலே வந்தது. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. மிகவும் மென்மையானது. பார்வைக்கு அதைப்போல் ஆழமான கறுப்பு கிடைப்பது அரிது, ஆனால் விரல் நகத்தைக் கண்டாலே கீறிக்கொள்ளும். உங்கள் வண்டியும் அப்படியா என்று பார்க்க, மறைவான இடத்தில் ஈரப் பொலிஷ் சிறிது வைத்து வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணி கறுத்தால் கிளியர் கோட் இல்லை. பயப்பட வேண்டாம், நிறம் ‘போய்விடவில்லை’. எடுக்கப்படுவது நிறமுள்ள அடுக்கு என்பதால் துணியில் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கிய ரீகண்டிஷன் வண்டி என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஜப்பானிலேயே அல்லது இங்கே ஏதாவது ஒரு பகுதி மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கலாம். தடிப்பு அளக்கும் கருவி என்னைப் போன்றவர்களிடம் இருக்கும். தொழிற்சாலைப் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரை, ஜப்பான் வண்டிகளில் சில வேளை அதற்கும் குறைவு. ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அதற்கு ஒரு கதை இருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது.

யாழ் A9 பயணி என்று எழுத ஆசை, இடம் போதவில்லை | சனி, இரவு 7.10

ஒரு மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. ஒரு முறை பொலிஷ் செய்தால் எவ்வளவு போகும்? இதைக் கேட்காமல் நான் வருடத்துக்கு இரண்டு முறை செய்துகொண்டிருந்தேன்.

இரத்மலானைப் பொலிஷ்காரன் | சனி, இரவு 8.00

மென்மையான பேட்டும் இறுதிப் பொலிஷும் என்றால் ஒரு மைக்ரோன் அளவு, அதற்கும் குறைவாக இருக்கலாம். கம்பளி பேட்டும் கொம்பவுண்ட் என்ற கடுமையான தேய்ப்புப் பசையும் என்றால் சில மைக்ரோன். கிளியர் கோட் உள்ள வண்டிகளில் அந்த அடுக்கு பெரும்பாலும் ஐம்பது மைக்ரோனுக்கு உள்ளேதான், ஒரு தலைமயிரை விட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அதே அடுக்குத்தான். அதனால் பொலிஷ் என்பது சேமிப்பில் கைவைப்பது. எடுக்க வேண்டியபோது எடுக்கலாம், மாதாந்தச் செலவுக்கு எடுக்கக் கூடாது. வருடத்துக்கு இரண்டு முறை வேண்டவே வேண்டாம்.

தெஹிவளைக் கிழவன் | ஞாயிறு, காலை 7.30

இந்த 202 கதையைப் படித்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் காலத்து வண்டிகள் எல்லாமே அப்படித்தான். அப்பாவிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. பொங்கலுக்கு முன்னால் தகர டப்பாவில் வரும் தேய்ப்புப் பசை போட்டு, முற்றத்தில் இருந்து நாள் முழுவதும் தேய்ப்போம். துணி வண்டியின் நிறத்துக்கு மாறிவிடும். கிளியர் கோட் என்ற சொல்லையே யாரும் கேட்டதில்லை. அந்தத் தபால் அதிபருக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். உங்கள் எல்லோரையும் விட அவருக்கு இந்தப் பெயின்ட் தெரியும். அவரிடமே கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா | ஞாயிறு, காலை 10.45

மாமாவிடம் “இனித் துடைக்காதீர்கள்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் அப்பாவிடம் அப்படிச் சொல்லி மூன்று மாதம் என் வண்டியில் ஏற மறுத்தார். ஆயுதத்தை மாற்றிக் கொடுங்கள்.

தொடர்மாடியில் குழாய் போட்டுக் கழுவ விட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், எங்கள் கட்டடத்திலும் அப்படித்தான். நான் செய்வது இது. அலசாமல் கழுவும் திரவம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் சிறிதளவு கலந்தால் போதும், அது தூசியைச் சுற்றி வழுக்கலாகப் பிடித்துக்கொள்ளும். எட்டுப் பத்து மைக்ரோஃபைபர் துணிகளை அந்த வாளியிலேயே ஊறவைப்பேன். முதலில் அதே கலவையைத் தெளிப்பானால் வண்டிமேல் தாராளமாகத் தெளித்து ஒரு நிமிடம் விடுவேன். பிறகு ஒரு துணியை எட்டுப் பக்கம் கிடைக்கும்படி நான்காக மடித்து, ஒரு பக்கத்தால் ஒரே ஒரு இழுப்பு. அடுத்த இழுப்புக்கு அடுத்த பக்கம். எட்டுப் பக்கமும் முடிந்தால் அந்தத் துணி வாளிக்குத் திரும்பாது, தனிப் பையில் போகும். கூரையில் தொடங்கி, கதவுகளின் அடிப்பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். மண் அங்கேதான் அதிகம்.

சேறு அப்பியிருந்தால் இந்த முறை உதவாது. அப்போது அழுத்தத் தண்ணீர் உள்ள இடத்துக்குப் போய், கையால் தொடுவதற்கு முன் முடிந்தவரை தண்ணீராலேயே கழற்ற வேண்டும். அங்கே நிற்கும் பையன் தும்புப் பிரஷோடு ஓடி வருவான். அவன் கையில் ஏதாவது கொடுத்து, வண்டியைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள். பிரஷ்ஷுக்குக் கொடுக்கும் காசை விட அது இலாபம்.

துணி கீழே விழுந்தால் அன்றோடு அதற்கு ஓய்வு. தோய்க்கும்போது மென்மையாக்கும் திரவம் போடக் கூடாது, இழையை மெழுகுபோல் மூடிவிடும்.

யாழ் A9 பயணி என்று எழுத ஆசை, இடம் போதவில்லை | ஞாயிறு, பகல் 1.15

ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு ஒன்று. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. அதில் கழுவி வெயிலில் காயவிட்டால் கறுப்பு வண்டியில் வெள்ளை வட்டங்கள் விழும். பெரியம்மா வீட்டு முற்றத்தில் பாசத்தோடு கழுவித் தந்த வண்டியை நான் இன்னும் சரிசெய்துகொண்டிருக்கிறேன். கொழும்புக் குழாய் நீரில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

அவசரப்புத்தி | ஞாயிறு, பகல் 2.00

கொழும்பில் தண்ணீர் நல்லது, காகம்தான் பிரச்சினை.

கொட்டாஞ்சேனை அக்கா | ஞாயிறு, பகல் 2.20

முதல் தடவையாக ஒத்துப்போகிறேன். எச்சத்தைத் தேய்க்காதீர்கள். நனைத்த டிஷ்யூவை அதன்மேல் வைத்து ஐந்து நிமிடம் விட்டு, அப்படியே தூக்கி எடுங்கள். வெயிலில் காய விட்டால் பெயின்ட்டில் அச்சு விழுந்துவிடும்.

வெள்ளவத்தைப் பிரீமியோ | செவ்வாய், இரவு 9.40

வெள்ளைத் துணிச் சோதனையை மாமாவின் முன்னாலேயே செய்தேன். துணி மை பட்டதுபோல் கறுத்தது. நான் பதறினேன். அவர் துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார். “எங்கள் மொரிஸிலும் இப்படித்தான் வரும், அது பச்சை” என்றார். தெஹிவளை ஐயா, நீங்கள் சரியாகச் சொன்னீர்கள். இப்போது மாமாவே பொலிஷ் செய்யத் துடிக்கிறார். இயந்திரம் வாங்கலாம் என்று முடிவாகிவிட்டது. இரத்மலானை அண்ணா, என்ன வாங்க வேண்டும்? எப்படிச் செய்ய வேண்டும்?

இரத்மலானைப் பொலிஷ்காரன் | புதன், காலை 6.20

சரி. எனக்கு ஒரு வாடிக்கையாளர் போனார்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் பக்கம் போனால் விலைகுறைந்த ரோட்டரியைத்தான் முதலில் நீட்டுவார்கள். கறுப்பு மென்பெயின்ட்டில், முதல் தடவையாக, ரோட்டரி வேண்டாம். அது ஓரிடத்தில் சுற்றிச் சூடாக்கும், விளிம்பில் கணப்பொழுதில் பெயின்ட்டைக் கடந்துவிடும். ‘டி.ஏ.’ என்று கேளுங்கள். சுற்றிக்கொண்டே ஊசலாடும் வகை. தவறு செய்தாலும் மன்னிக்கும். கூடவே நடுத்தர ஃபோம் பேட் மூன்று, மிக மென்மையான ஃபோம் பேட் மூன்று, ஓர் இறுதிப் பொலிஷ். கடுமையான கொம்பவுண்டை வாங்கவே வேண்டாம், வாங்கினால் பாவிக்கத் தோன்றும்.

முதலில் நன்றாகக் கழுவுங்கள். கழுவிய பிறகும் விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால், அது பெயின்ட்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகளும் தாரும். இரும்புக் கரைப்பான் தெளித்தால் ஊதாவாக வழியும், அழுகிய முட்டைபோல் நாறும். கீழ்த்தளத்தில் செய்தால் அயலவர் முறைப்பாடு செய்வார்கள். மிஞ்சியதை வண்டிப் பெயின்ட்டுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் எடுங்கள், நிறைய வழுக்கல் நீரோடு. விளிம்புகள், ரப்பர்கள், பம்பர் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில்தான் பெயின்ட் மிக மெல்லியது.

வெயில் பட்ட பொனட்டில் தொடங்காதீர்கள். கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பொனட்டில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை எடுத்து, அதில் மட்டும் சோதித்துப் பாருங்கள். மென்மையான பேட், கடலை அளவில் நான்கு சொட்டுப் பொலிஷ். இயந்திரத்தை ஓட விடும் முன் பேட்டைப் பெயின்ட்டில் வைத்துப் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் மாமாவின் வேட்டியும் பொலிஷ் ஆகும். ஆறில் நான்காம் வேகம். பேட்டின் பின்தட்டில் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்றுவிட்டால் அதிகம் அழுத்துகிறீர்கள் அல்லது சாய்க்கிறீர்கள், அப்போது கீறல் போகாது. கை வேகம் விநாடிக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர். எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான். இடம் வலமாக ஒரு சுற்று, மேல் கீழாக ஒரு சுற்று, ஒவ்வொரு கோடும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். நான்கு சுற்றுப் போதும். கடைசிச் சுற்றில் இயந்திரத்தின் எடை மட்டும்.

துடைத்ததும் ஐசோப்ரொபைல் அல்கஹோலைத் தண்ணீரில் கலந்து, பத்தில் ஒரு பங்கு போதும், அந்த இடத்தில் தெளித்து எண்ணெயை எடுத்துவிட்டு டோர்ச் அடியுங்கள். அப்போது தெரிவதுதான் உண்மை. போதாவிட்டால் நடுத்தரப் பேட். அதன் பிறகு மறுபடி மென்பேட்டால் முடிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு பேட்டைச் சுத்தம் செய்யுங்கள். 202இல் பேட் சீக்கிரம் கறுத்து அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, இதுதான் பலரை அழவைப்பது. இந்தப் பெயின்ட்டில் பொலிஷைத் துடைக்கும் துணியே புதுக் கீறல் போடும். தடித்த, புத்தம்புதிய துணி, அழுத்தமே இல்லாமல். காய்ந்து ஒட்டிய பொலிஷைத் தேய்க்காதீர்கள், மூச்சுக்காற்று விட்டு நனைத்து எடுங்கள்.

நகத்தில் சிக்கும் கீறலை விட்டுவிடுங்கள். நூற்றுக்கு நூறு எடுக்கப் போனால் பிரைமர்தான் மிஞ்சும்.

செரமிக் பற்றிக் கேட்டீர்கள். மோசமானதல்ல. தண்ணீர் உருண்டோடும், தூசி இலேசாகக் கழன்றுவரும். ஆனால் ‘9எச்’ என்று விற்பது பென்சில் கடினத்தன்மை அளவு, வைரக் கதை அல்ல. அதன்மேலும் உலர் துணி போட்டால் கீறும். ஹொலோகிராமின் மேல் பூசினால் ஹொலோகிராமைப் பத்திரப்படுத்தி வைத்ததாகும். முதல் வருடம் ஒரு நல்ல மெழுகு போதும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

வெள்ளவத்தைப் பிரீமியோ | ஞாயிறு, மாலை 6.50

இரண்டு நாள். நேற்றுக் காலை ஆறு மணிக்கு நண்பரின் தெஹிவளை கராஜில் தொடங்கினோம். முதல் சதுரத்துக்கே ஒன்றரை மணி நேரம். நான் அவசரப்பட்டேன், கீறல் அப்படியே நின்றது. மாமா இயந்திரத்தை வாங்கினார். தபால் முத்திரை குத்திய கை, தம்பிகளே. ஒரே வேகம், ஒரே அழுத்தம், கோடு சுற்றுவதிலேயே கண். அவர் செய்த பொனட்டையும் நான் செய்த பின்கதவையும் வெயிலில் வைத்தால் யார் செய்தது எது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். இடது முன்கதவு மட்டும் துணியைக் கறுப்பாக்கவில்லை. அந்தக் கதவுக்கு ஒரு கதை இருக்கிறது போலிருக்கிறது.

ஓட்டுநர் கைபிடிக் குழிக்குள் இருந்த நகக் கீறல்கள் இலேசாகின, போகவில்லை. பொனட்டில் ஆழமான இரண்டு கோடுகள் இருக்கின்றன. மற்றபடி இன்று மாலை நாலரை மணிக்கு அதே சமிக்ஞை விளக்கில் நின்றேன். சூரியன் ஒரே ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை, பின்னால் நின்ற முச்சக்கரவண்டிக்காரர் ஏசிவிட்டுப் போனார்.

அக்கா, பத்துத் துணியும் தெளிப்பானும் வாங்கிக் கொடுத்தேன். நான்காக மடிப்பதை ஒருமுறைதான் காட்டினேன். துணிகளுக்கு 1 முதல் 10 வரை நூலால் இலக்கம் தைத்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் போதும் என்று பேசியிருக்கிறோம், நான்கில் வந்து நிற்கிறது.

அவருக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தச் சாரத்துண்டை வண்டியில் எங்கேயாவது பாவிக்கலாமா என்று கேட்கிறார்.

இரத்மலானைப் பொலிஷ்காரன் | ஞாயிறு, இரவு 8.30

டயருக்குத் தாராளமாக. அவருக்கு வேலை வேண்டுமா என்று கேளுங்கள், திங்களும் புதனும் எனக்கு ஆள் இல்லை.